புது வெள்ளத்தில் இறங்குவோருக்கு

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிறு காலை நடையை முடித்து நான் உட்காரும் சிமென்ட் பெஞ்சைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் கூடுவது இரண்டு வருஷமாக வழக்கமாகிவிட்டது. எல்லாரும் கல்லூரியில் படிப்பவர்கள், அல்லது வேலைக்குப் போக ஆரம்பித்தவர்கள். நான் 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் என்பது தெரிந்து, புத்தகங்களைப் பற்றிக் கேட்க வருகிறார்கள்.

அவர்களில் ஒரு பையன் ஒரு நாள் சொன்னான்: "டீச்சர், பொன்னியின் செல்வனை மூணு தடவை ஆரம்பிச்சேன். மூணு தடவையும் கடம்பூர் மாளிகையிலயே நின்னுட்டேன். அதுக்கு மேல ஓடவே மாட்டேங்குது." அவன் முகத்தில் வெட்கம் இருந்தது. மூன்று முறை தொடங்கியவனுக்கு ஆசை இருக்கிறது. ஆசை இருப்பவன் வெட்கப்பட வேண்டியதில்லை. அவனுக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்கி இந்தக் கதையைத் தம் வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி, மூன்றரை ஆண்டு எழுதி, 1954இல் முடித்தார். ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். 'புது வெள்ளம்' என்கிற முதல் பாகத்தில் மட்டும் 57. நான் பார்த்தவரை, முதல் பாகத்தை முடித்தவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் பாகம் வரை போய்விடுகிறார்கள். நின்றுபோனவர்கள் முதல் பாகத்திலேயே நிற்கிறார்கள். அதனால் என் அறிவுரை எல்லாம் அந்த முதல் பாகத்தைப் பற்றித்தான்.

1. ஐந்தையும் சேர்த்து வாங்காதீர்கள்

ஐந்து பாகமும் அட்டைப்பெட்டியில் அழகாகக் கிடைக்கும். அலமாரியில் வைத்தால் பார்வையாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கனத்தைப் பார்க்கும்போதெல்லாம் 'எப்போது முடிக்கப் போகிறோம்' என்ற மலைப்பு வரும். முதல் பாகம் மட்டும் வாங்குங்கள். அது உங்களுக்கு ஒத்துவந்தால் இரண்டாம் பாகத்தை வாங்கக் கால் தானே கடைக்குப் போகும்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. தி.நகரில் தமிழ்ப் புத்தகக் கடைகளுக்குப் போனால் நாலைந்து பதிப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது இன்னும் அதிகம் கிடைக்கும். விலையை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் வைத்துவிடுங்கள். புத்தகம் விரிந்து நிற்கிறதா, முதுகு விட்டுப்போகுமா என்று பாருங்கள். 'சுருக்கப் பதிப்பு' என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். போட்டிருந்தால் அது உங்களுக்கு வேண்டாம். ஓவியர் மணியம் வரைந்த படங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால், பத்து ரூபாய் கூடுதலானாலும் அதையே எடுங்கள்.

2. முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள்

கதை ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று தொடங்குகிறது. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் என்கிற ஓர் இளைஞன் குதிரைமேல் போய்க்கொண்டிருக்கிறான். ஏரி நிரம்பித் ததும்புகிறது. பெண்களும் குழந்தைகளும் கரையெங்கும் திருநாள் கொண்டாடுகிறார்கள். அவ்வளவுதான் நடக்கிறது. சண்டை இல்லை, சாவு இல்லை. முதல் பக்கத்திலேயே ஏதாவது வெடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற இன்றைய வாசகருக்கு இது மெதுவாகத் தோன்றும்.

அந்த ஏரியை நீங்கள் அறிவீர்கள். முதல் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டு அவனுடைய பட்டப்பெயரைத் தாங்கிய வீரநாராயண ஏரிதான் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் இருக்கிற இன்றைய வீராணம். 2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கும் மேலாகக் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. வந்தியத்தேவன் குதிரையை நிறுத்திப் பார்த்து வியந்த ஏரியின் நீரை இந்த ஊரார் குடிக்கிறோம். இதைச் சொன்னதும் பூங்காவில் ஒரு பெண் தன் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு முதல் அத்தியாயத்தைப் படியுங்கள்.

வாய்விட்டுப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்கியின் நடை காதுக்காக எழுதப்பட்டது. ஒருவர் படிக்க வீடே உட்கார்ந்து கேட்ட காலத்தில் எழுதியவர் அவர். அவருடைய வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்பது கண்ணைவிடக் காதுக்கு முன்னதாகத் தெரியும். முதல் மூன்று அத்தியாயங்களைச் சத்தம் போட்டுப் படித்தவர்களுக்கு நாலாவது அத்தியாயம் தடுக்குவதில்லை.

3. ஒரு தாளில் குடும்பத்தை எழுதிக்கொள்ளுங்கள்

'பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கு' என்பதுதான் நான் அதிகம் கேட்ட புகார். நியாயமான புகார். பராந்தகர் இரண்டு பேர், ஆதித்தர் இரண்டு பேர், பழுவேட்டரையர் இரண்டு பேர். ஒரு தாளை எடுத்து இவ்வளவு மட்டும் எழுதுங்கள்.

மேலே முதல் பராந்தகர். அவருக்குக் கீழே மூன்று மகன்கள்: இராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். மூத்தவர் இராஜாதித்தர் 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்டார். இன்றைக்கும் அரக்கோணம்-செங்கல்பட்டு ரயில் பாதையில் தக்கோலம் என்று ஒரு நிலையம் இருக்கிறது. இரண்டாமவர் கண்டராதித்தருக்கு மதுராந்தகர் என்று ஒரு மகன். மூன்றாமவர் அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். கதை நடக்கும்போது அரியணையில் இருப்பவர் இவர், நோயில் படுத்திருக்கிறார். இவருக்கு மூன்று பிள்ளைகள்: ஆதித்த கரிகாலர், குந்தவை, அருள்மொழிவர்மர்.

இந்தத் தாளை உற்றுப் பாருங்கள். அடுத்த அரசர் யார்? இப்போதைய அரசரின் மகனா, அவருடைய பெரியப்பாவின் மகனா? ஐந்து பாகமும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் சுழல்கின்றன. இது விளங்கிவிட்டால் பெயர்கள் குழப்பாது. அந்தத் தாளையே மடித்துப் பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. வந்தியத்தேவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்தால் போதும்

இந்த அறிவுரைகளில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கதையின் முதல் பாகத்தைப் படிப்பது தெரியாத ஊருக்குள் நுழைவது போன்றது. எந்தத் தெரு எங்கே போகிறது என்று புரியாது. யார் யாருக்கு உறவு, யார் யாருக்குப் பகை என்று தெரியாது. கல்கிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் சோழ அரண்மனையில் வளர்ந்த ஒருவனைக் கதையின் கண்ணாக வைக்காமல், காஞ்சியிலிருந்து முதன்முறையாகச் சோழ நாட்டுக்கு வருகிற ஒருவனை வைத்தார். அவனும் உங்களைப்போலவே புதியவன். அவனும் பெயர்களைத் தவறாகப் புரிந்துகொள்கிறான். பேசக்கூடாத இடத்தில் பேசிவிடுகிறான். யாரை நம்புவது என்று தெரியாமல் தடுமாறுகிறான்.

பெரிய கதை எழுதிய பலரும் இந்த வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துய்மா 1844இல் எழுதிய 'மூன்று மஸ்கெட்டியர்கள்' கதையிலும், நாட்டுப்புறத்து இளைஞன் ஒருவன் ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு குதிரையேறி வருகிறான். டோல்கீனுடைய 'மோதிரங்களின் தலைவன்' வரிசையின் முதல் நாவல் 1954 ஜூலையில் வெளிவந்தது. பொன்னியின் செல்வன் முடிந்த அதே ஆண்டு. அதிலும் தன் சிற்றூரை விட்டு அதிகம் வெளியே போகாத ஒருவனைத்தான் உலகம் முழுக்க நடக்கவிடுகிறார். தெரியாதவனோடு நடந்தால் வாசகனுக்குப் பயம் இருக்காது.

கடம்பூரில் நின்றுபோன பையனுக்கு வருகிறேன். ஆறாம் அத்தியாயத்தில் நள்ளிரவில் சிற்றரசர்கள் ரகசியமாகக் கூடிப் பேசுகிறார்கள். பெயர் மேல் பெயராக வந்து விழுகிறது. அதையெல்லாம் பரீட்சைக்குப் போல மனப்பாடம் செய்யப் பார்த்தான் அவன். வேண்டாம் என்றேன். அந்தக் கூட்டத்திலிருந்து இரண்டே செய்தியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்: அரசர் படுக்கையில் இருக்கிறார், அவருடைய மகனுக்குப் பதில் வேறொருவரை அரியணையில் உட்காரவைக்கப் பெரிய மனிதர்கள் சிலர் விரும்புகிறார்கள். தூக்கம் கலைந்து மறைவில் நின்று கேட்கிற வந்தியத்தேவனுக்கும் அந்த இரவில் அதற்கு மேல் முழுசாக விளங்கியிருக்காது. மற்றதெல்லாம் பின்னால் தானே வந்து சேரும்.

5. ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம்

என் அம்மாவிடம் ஒரு பைண்டு புத்தகம் இருந்தது. வாராவாரம் கல்கி இதழ் வந்ததும், வீட்டில் எல்லாரும் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிளேடால் நறுக்கி எடுத்து, பழைய டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைப்பாளாம். ஒரு பாகம் முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பைண்டரிடம் கொடுத்து, காலிகோ துணி ஒட்டிக் கட்டி வாங்கினாள். நான் 12 வயதில் முதன்முதலாகப் படித்தது அந்தப் புத்தகத்தைத்தான். பக்கத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட விளம்பரம் இருக்கும். அத்தியாயம் முடிகிற இடத்தின் கீழே ஒரு துணுக்கு இருக்கும். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் அம்மா பென்சிலால் தேதி குறித்திருந்தாள்.

அந்தத் தேதிகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. ஒரு கதவு திறக்கிற சத்தத்தோடு அத்தியாயம் முடிந்தால், கதவுக்குப் பின்னால் யார் என்பது தெரிய அம்மா ஏழு நாள் காத்திருந்தாள். அந்த ஏழு நாளும் அடுப்படியில், கிணற்றடியில், கோயிலில் அதைப் பற்றியே பேச்சு. இந்தக் கதையின் தாளம் அந்தக் காத்திருப்பை நம்பி அமைந்தது. ஒரே மூச்சில் 20 அத்தியாயம் படித்தால், 20 முறை மூச்சுப் பிடித்து 20 முறை விட்ட களைப்புதான் மிஞ்சும். பிறகு 'எல்லா அத்தியாயமும் ஒரே மாதிரி முடியுது' என்ற சலிப்பு வரும். இரண்டோ மூன்றோ படித்துவிட்டு மூடுங்கள். மூடிய பிறகு மனசுக்குள் ஓடுகிற கதையும் வாசிப்பில் சேர்த்திதான். இந்தக் கணக்கில் படித்தால் மூன்று வாரத்தில் முதல் பாகம் முடிந்துவிடும்.

6. படம் பார்த்தவர்கள் படத்தைத் தேடாதீர்கள்

மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பர் 30 அன்றும், அதன் இரண்டாம் பகுதி 2023 ஏப்ரல் 28 அன்றும் வந்தன. படத்தால் புத்தகத்துக்கு வந்த பிள்ளைகள் நிறைய. நல்ல வாசல் அது. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் நடிகர்களின் முகம் உங்கள் மனசில் பதிந்திருந்தால் அதை அழிக்கப் பாடுபடாதீர்கள். பத்து அத்தியாயத்துக்குள் கல்கியே அவர்களுக்கு வேறு முகம் கொடுத்துவிடுவார்.

ஆனால் ஒன்று. படத்தின் முதல் பகுதியும் புத்தகத்தின் முதல் பாகமும் ஒரே அளவு கிடையாது. படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. புத்தகம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. படத்தில் இலங்கையையும் கடலையும் பார்த்தவர்கள் அதை 'புது வெள்ள'த்தில் தேடினால் ஏமாந்துபோவார்கள். படத்தில் பார்த்த பூங்குழலியே இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில்தான் வருகிறாள். கதைக்குப் பெயர் கொடுத்த அருள்மொழிவர்மர்கூட முதல் பாகம் நடக்கும்போது ஈழத்தில் இருக்கிறார். மற்றவர்களின் நினைவிலும் பேச்சிலும் மட்டுமே வருகிறார். ஒரு மனிதனை நேரில் காட்டும் முன் ஊரார் வாயால் 57 அத்தியாயம் கேட்க வைக்கிறார் கல்கி. அந்த ஏக்கத்தை அனுபவியுங்கள்.

7. வரலாறு சொல்லும் இடங்களைத் தாண்டாதீர்கள்

கதை ஓடிக்கொண்டிருக்கும்போது கல்கி திடீரென்று நிறுத்தி, நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு போரைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். பலர் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் என்ன போகிறது என்பதற்கு ஓர் இடத்தைக் காட்டுகிறேன்.

19ஆம் அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் என்பவன் திருப்புறம்பியத்தில் ஒரு பள்ளிப்படைக் காட்டுக்குள் நுழைகிறான். மாண்ட அரசனின் நினைவாக எழுப்பிய கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். அங்கே நடந்த பழைய போரைக் கல்கி நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்: தள்ளாத வயதில் விஜயாலய சோழர் பிறர் தோளில் ஏறி வந்து வாள் சுழற்றியதை, கங்க நாட்டு அரசன் அங்கே உயிர் விட்டதை, பாண்டியர் தோற்றதை, சோழர் தலையெடுத்ததை. அது முடிந்ததும் அதே இடிந்த பள்ளிப்படையில் இருட்டில் சிலர் கூடுகிறார்கள். அவர்கள் யார், எதற்குக் கூடுகிறார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இத்தனை இடம் இருக்க அந்த இடத்தை அவர்கள் ஏன் பொறுக்கினார்கள் என்பது, போரின் கதையைப் படித்தவருக்கு மட்டும்தான் நெஞ்சில் உறைக்கும். கல்கி வரலாறு சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு விளக்கை ஏற்றிவைக்கிறார். அடுத்து வருகிறவர்களின் முகம் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

8. அகராதியை முதல் நாளே திறக்காதீர்கள்

தெரியாத சொல் வரும். நாழிகை வரும், 24 நிமிஷம் ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். ஆதுரசாலை வரும், மருத்துவமனை. வேளக்காரப் படை வரும். அரசனுக்காக உயிரையும் கொடுப்பதாகச் சபதம் செய்த மெய்க்காவல் படை. இவற்றில் பலவற்றைக் கல்கியே அங்கேயே விளக்கிவிடுவார். விளக்காத சொல்லுக்குப் பென்சிலால் அடியில் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். ஐந்து அத்தியாயத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கோடு போட்டதில் பாதிக்கு உங்களுக்கே அர்த்தம் தெரிந்திருக்கும். மீதிக்கு மட்டும் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், அல்லது அகராதியைப் பாருங்கள்.

9. தமிழ் படிக்கத் தடுமாறுகிறவர்கள் விலகிப் போகாதீர்கள்

அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். பிள்ளை வீட்டில் தமிழ் பேசும். பள்ளியில் இந்தியோ பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்துப் படித்திருக்கும். கடைப் பலகையைப் படிக்கும், பத்திரிகையைப் படிக்கத் திணறும். 'எனக்குத் தமிழ் வராது ஆன்ட்டி' என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கிற குறை எனக்குத் தாங்காது. அது அந்தப் பிள்ளையின் தப்பு அல்ல.

அவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. பம்பாய் கண்ணன் தயாரித்த ஒலிநூல் இருக்கிறது. அதை ஓடவிட்டு, புத்தகத்தை விரித்து, கேட்கிற வரியை விரலால் தொடர்ந்து வாருங்கள். முதல் நாள் விரல் பின்தங்கும். நிறுத்தி, திரும்ப ஓடவிடுங்கள். ஒரு நாளைக்கு அரை அத்தியாயம் போதும். பத்தாவது நாள் குரலுக்கு முன்னால் கண் ஓடத் தொடங்கும். அப்போது ஒலியை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் தனியாகப் படித்துப் பாருங்கள்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்குக் கண் மங்கியிருக்கும். உங்களுக்கு எழுத்து மங்கியிருக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் நீங்கள் எழுத்துக்கூட்டியாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தவறு வரும் இடத்தில் அவர்கள் திருத்துவார்கள். ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன. வேறு வழியே இல்லையென்றால் அதில் தொடங்குவதில் குற்றமில்லை. ஆனால் காது தமிழைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வேறு வழி இல்லாமல் போகாது.

10. யாரையும் அவசரப்பட்டு வெறுக்காதீர்கள்

மாய உலகக் கதைகளைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று முதலிலேயே தெரிய வேண்டும் என்று கேட்கிறார்கள். 'இதுல மேஜிக் இருக்கா டீச்சர்?' என்றும் கேட்கிறார்கள். மந்திரவாதி வருகிறான், சோதிடர் வருகிறார். ஆனால் இங்கே ஆட்டி வைக்கிற சக்தி மனிதர்களின் ஆசையும் அச்சமும் விசுவாசமும்தான்.

பெரிய பழுவேட்டரையரை எடுத்துக்கொள்ளுங்கள். சதிக்குத் தலைமை தாங்குகிறவர் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அதே மனிதர் சோழ நாட்டுக்காகப் போரிட்டு உடம்பில் 64 விழுப்புண் வாங்கியவர். நந்தினி என்று ஒருத்தி வருகிறாள், அவளை எடுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அவளோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. குந்தவையை எல்லாரும் போற்றுகிறார்கள். அவளும் காய் நகர்த்துகிறவள்தான். குந்தவை ஒன்றைச் சொன்னால், அதையே நந்தினி எப்படிச் சொல்வாள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் பாகத்தில் தீர்ப்பு எழுதிவிட்டவர்கள் ஐந்தாம் பாகத்தில் அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுத நேரும்.

11. கைபேசியில் பெயரைத் தேடாதீர்கள்

இதைக் கைகூப்பிக் கேட்கிறேன். இந்தக் கதையின் மனிதர்களில் பலர் வாழ்ந்தவர்கள். ஆதித்த கரிகாலர், குந்தவை, அருள்மொழிவர்மர், வந்தியத்தேவர், பழுவேட்டரையர் எல்லாரும் வரலாற்றில் உண்டு. நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனை. இவ்வளவு மட்டும் இப்போது தெரிந்தால் போதும். பூங்காவுக்கு வரும் ஒரு பெண் பத்தாவது அத்தியாயத்தில் இருக்கும்போதே ஒரு பெயரைத் தேடினாள். முதல் வரியிலேயே அந்த மனிதரின் முடிவு வந்துவிட்டது. ஐந்து பாகம் அவளுக்காகக் காத்து வைத்திருந்ததை அரை நிமிஷத்தில் இழந்துவிட்டாள்.

ஐந்தையும் முடித்த பிறகு தேடுங்கள், தாராளமாகத் தேடுங்கள். கல்கி துணை கொண்ட நீலகண்ட சாஸ்திரியாரையும் சதாசிவ பண்டாரத்தாரையும் படியுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன்னால் நில்லுங்கள். வீராணம் ஏரியைப் பார்த்துவிட்டு, காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கும் அனந்தீசுவரர் கோயிலுக்கும் போய் வாருங்கள். அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று இப்போது கேட்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கையில் புத்தகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் 'அப்புறம் என்ன ஆகும் தெரியுமா' என்று தொடங்கிவிடாதீர்கள். நாம் தெரியாமல் படித்த சுகம் அவர்களுக்கும் கிடைக்கட்டும்.

12. கடைசி அத்தியாயங்களைக் கடற்கரையில் படியுங்கள்

51ஆம் அத்தியாயத்தில் கதை மாமல்லபுரத்துக்கு வருகிறது. இத்தனை நேரம் பெயராக மட்டும் கேட்ட ஆதித்த கரிகாலரை அங்கேதான் நேரில் பார்க்கிறோம். அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தால் மாமல்லபுரம் வெகு தூரமில்லை. ஒரு நாள் காலையில் கிளம்பிப் போய், கற்கோயில்கள் கண்ணில் படுகிற ஒரு நிழலில் உட்கார்ந்து அந்த அத்தியாயங்களைப் படியுங்கள். மனசுக்குள் எரிகிற ஒரு வீரனின் பேச்சை அலைச் சத்தத்தோடு கேட்பது வேறு அனுபவம்.

முதல் பாகம் ஒரு முடிவுக்கும் வராமல்தான் நிற்கும். ஏமாற்றமாக இருந்தாலும் அன்றைக்கே இரண்டாம் பாகத்தைத் திறக்காதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: யாரை நம்புகிறேன்? யாரைச் சந்தேகப்படுகிறேன்? அடுத்த அரசராக யார் வரவேண்டும் என்று நினைக்கிறேன்? அதைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஐந்தாம் பாகம் முடிந்த அன்று எடுத்துப் படித்தால், இடையில் நீங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

கல்கி இந்தக் கதையை முடித்த அதே 1954இல், டிசம்பர் 5ஆம் தேதி, 55 வயதில் காலமானார். தாம் எழுதியது எழுபது வருஷம் கழித்தும் ஒரு பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்யும் என்பதை அவர் பார்க்கவில்லை. நாம் பார்க்கிறோம். ஆகவே படித்து முடித்த புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியில் பூட்டாதீர்கள். இன்னொருவர் கையில் கொடுங்கள். வாங்க வசதியில்லாதவர்கள் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். உட்கார்ந்து படிக்க இடமும் காற்றும் வெளிச்சமும் இருக்கின்றன.

கடம்பூரில் மூன்று முறை நின்ற அந்தப் பையன் போன மாதம் 57ஆம் அத்தியாயத்தை முடித்தான். இரண்டாம் பாகத்தை நான் கொடுக்கும்வரை அவன் காத்திருக்கவில்லை. மறுநாள் சாயங்காலமே தி.நகருக்குப் போய்த் தானே வாங்கிக்கொண்டான்.